கட்டுப்பாட்டு அறையில் யாரும் கத்துவதில்லை

1

வருஷத் திதிக்கு அர்ச்சனைச் சீட்டு எழுத வேண்டும் என்று இங்குள்ள கோயிலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், நட்சத்திரம், உறவுமுறை. பெயர் வசந்தி என்று எழுதினேன். உறவுமுறை தங்கை என்று எழுதினேன். நட்சத்திரத்தில் பேனா நின்றுவிட்டது. நாற்பத்தொரு வருஷம் என் தங்கையாக இருந்தவளின் நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை.

கோயில் வாகனத் தரிப்பிடத்தில் நின்று அவள் கணவனுக்குப் போன் செய்தேன். செல்வம் வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறார். அப்போது ஹாலிஎலவில் லொறியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அவிட்டம் மச்சான்,” என்றார். “கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கையில ஐயரு சொன்னது. மறந்துட்டீங்களா?”

“மறந்துட்டேன்.”

“சரி, எழுதுங்க.” தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ஒண்ணு கேக்கணும் மச்சான். அவ கொரலு ஒங்ககிட்ட எதுலயாவது இருக்கா? எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. அவ போனு மண்ணுக்குள்ள போயிருச்சு. என் போனு அதுக்கப்புறம் மாத்துனது. கல்யாண வீடியோவுல கூட தலைய குனிஞ்சிக்கிட்டேதான் நிக்கிறா, ஒரு வார்த்த பேசல. சின்னவளுக்கு அம்மா கொரலு மறந்துபோச்சுன்னு சொல்றா.”

“பாக்குறேன்,” என்றேன்.

அது பொய். பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவள் குரல் என் கைபேசியில் இருக்கிறது. நான்கு பதிவுகள். எல்லாம் ஒரே காலை. ஒரு வருஷமாக யாருக்கும் சொல்லவில்லை.

2

என் வேலையைப் பற்றி ஊரில் கேட்கிறவர்களுக்கு “கப்பல் கம்பெனி” என்று சொல்லித்தான் பழக்கம். நான் வாழும் நகரத்தின் பெயரையும், வேலை செய்யும் இடத்தையும் இங்கே எழுதாமல் விடுகிறேன். அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதக்கூடியது இவ்வளவுதான்.

கடலுக்கு அரை மணி நேரத் தூரத்தில், தகரக் கூரை போட்ட பெரிய கட்டடம் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தேயிலைத் தொழிற்சாலை போலத்தான் தெரியும். உள்ளே ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் கட்டுப்பாட்டு அறையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். அதே திரைகள், அதே நெருக்கமான நாற்காலிகள், தலையில் இடிக்கும் அதே குழாய்கள். சுற்றியுள்ள கடல் மட்டும் கணினியில் செய்தது. சிமுலேட்டர் என்பார்கள். புதிதாகச் சேரும் மாலுமிகள் இதில் உட்கார்ந்து பழகிவிட்டுத்தான் உண்மையான கப்பலுக்குப் போவார்கள்.

அந்த அறை எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று மதிப்பிடுவது என் வேலை.

கேட்க எளிதாக இருக்கும். எங்கள் ஆட்கள் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மைக் கப்பலைப் படம் எடு, இதைப் படம் எடு, இரண்டையும் பக்கத்தில் வை. அது பாதி நாள் வேலை. மீதி வருஷமெல்லாம் வேறொரு கேள்விக்குப் போகிறது. இந்த அறையில் உட்காருகிறவன் அங்கே உட்காருகிறவனைப் போலவே நடந்துகொள்கிறானா? அவன் கண் போகும் இடம், கட்டளையைத் திருப்பிச் சொல்லும் வேகம், பக்கத்தில் இருப்பவனிடம் பேசும் வார்த்தைகளின் எண்ணிக்கை, இவையெல்லாம் ஒத்துப்போகின்றனவா? ஓய்வுபெற்ற மாலுமிகளை அழைத்து உள்ளே உட்கார வைப்போம். நாற்பது நிமிடத்துக்கு ஒரு சம்பவத்தை ஓட்டுவோம். நான் பின்னால் ஒரு மூலையில் நின்று குறிப்பெடுப்பேன். முடிந்ததும் அவர்களிடம் கேள்வித்தாள் கொடுப்போம். ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண். வெளிச்சம் எப்படி? சத்தம் எப்படி? மறந்து போனீர்களா, இது பொய் என்பதை?

பதில்களில் நான் எதிர்பார்க்காதவை வரும். எல்லாம் சரி, நாற்றம் இல்லை என்று ஒருவர் எழுதினார். டீசல், சமையல், பல நாள் குளிக்காத உடம்பு. இன்னொருவர் எழுதியது: இங்கே யாருக்கும் களைப்பு இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கடலை முதன்முதலாகப் பார்த்தது பத்தொன்பது வயதில். ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கடல் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள படம். பல்கலைக்கழகத்தில் கணக்கு படித்தேன், அதை வைத்து வெளிநாடு வந்தேன், மனித நடத்தையை அளக்கும் துறைக்கு மாறினேன். நீர்மூழ்கியில் ஒரே ஒரு நாள் போயிருக்கிறேன். அதுவும் துறைமுகத்தில் கட்டிப் போட்டிருந்தது. கடலுக்கடியில் ஒருபோதும் பார்க்காத ஒன்றின் நகலைப் பார்த்து, இது அசலைப் போல இருக்கிறதா என்று சொல்லும் உத்தியோகம்.

3

இந்த வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். முதல் தடவை அதற்கு விண்ணப்பித்தபோது, பிறந்ததிலிருந்து வாழ்ந்த எல்லா முகவரிகளையும் கேட்டார்கள். நாலாம் லயம், ஆறாம் காம்பரா, கீழ்க் கணக்கு என்று ஆங்கிலத்தில் மாற்றி எழுதினேன். எங்கள் ஊரில் லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் அறையைக் காம்பரா என்போம், தோட்டத்தின் ஒரு பிரிவைக் கணக்கு என்போம். நான் எழுதியதை வாசித்தால் ஏதோ வங்கி விவரம் போல இருந்தது.

நேர்முகத்துக்கு வந்த அதிகாரி வயதான, மரியாதையான மனிதர்.

“லைன் நம்பர் நாலு என்று போட்டிருக்கிறீர்கள். ரயில் பாதைக்குப் பக்கத்திலா?” என்று கேட்டார்.

“இல்லை. வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அந்த வரிசையைத்தான் அப்படிச் சொல்வோம்.”

“அப்படியென்றால் படை முகாம் மாதிரியா?”

“கிட்டத்தட்ட,” என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் ‘கிட்டத்தட்ட’வுக்கு ஒன்றரை மணி நேரம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. காலையில் ஆட்கள் வரிசையில் நின்று வேலை பிரித்துக்கொள்ளும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர், அது பரேட் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். அதிகாரியின் பேனா வேகமாக ஓடியது. கடைசியில் என் அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

அனுமதியைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போன வருஷம் புதுப்பிக்கும்போது பழைய பிறப்புச் சான்றிதழின் நகலில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நகலில் கணேஷன். கடவுச்சீட்டில் ராமையா கணேசன். முத்திரை குத்திய, திருத்தம் செய்த மூலப் பத்திரம் வேண்டும். அது வரும்வரை அறைக்குள் போகலாம், ஆனால் குறிப்பிட்ட நாளுக்குள் வராவிட்டால் அனுமதி ரத்து.

வசந்தியிடம்தான் சொன்னேன். அவள் பெரட்டுக்குப் போகாமல் மூன்று நாள் பதுளைக்கு இறங்கினாள். முதல் நாள் பதிவு அலுவலகக் கருமபீடத்தில் ஆள் இல்லை. இரண்டாம் நாள் படிவம் சிங்களத்தில் தப்பாக நிரப்பியதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் கையில் வாங்கிவிட்டாள்.

“எடுத்துட்டேன் அண்ணே,” என்று வீடியோவில் பத்திரத்தைத் தூக்கிக் காட்டினாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள் எழுத்தை மறைத்தன. “பேரு இப்ப சரியா? ராமையா கணேசன்.”

“சரி. தபால்ல போடாத. அடுத்த மாசம் நம்ம ஆளு ஒருத்தரு வர்றாரு, அவர்கிட்ட குடுத்தனுப்பலாம். அதுவரைக்கும் கவனமா வை வசந்தி. அது இல்லாட்டி என் வேலையே போயிரும்.”

“அப்படியா?” என்றாள். சிரிப்பு போய்விட்டது. “சரிண்ணே. எல்லாக் கடதாசியோடயும் பொலித்தீன்ல சுத்தி வைக்கிறேன்.”

வேலை போயிருக்காது. வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள். சீக்கிரம் செய்வாள் என்பதற்காகக் கூட்டிச் சொன்னேன்.

4

அந்தப் பதிவுகள் வந்த நாளில் வெள்ளச் சம்பவத்தை ஓட்டினோம். கப்பலுக்குள் ஏதோ ஒரு குழாய் உடைந்து கடல் நீர் உள்ளே பாய்கிறது. அந்தப் பகுதியில் நிற்கும் மாலுமி ஒலிபெருக்கி வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறான். அந்தக் குரலைச் சிமுலேட்டரில் முன்பே பதிவு செய்து வைத்திருந்தார்கள். நாடக நடிகர் ஒருவர் பேசியது. “வெள்ளம்! வெள்ளம்!” என்று அடித்தொண்டையிலிருந்து கத்துவார். முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் குறிப்பேட்டில் ஆறு என்று போட்டேன்.

பீட்டர் என்ற ஓய்வுபெற்ற மாலுமி அன்று உள்ளே இருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் கடலுக்கடியில் இருந்தவர். சம்பவம் முடிந்ததும் கேள்வித்தாளில் அந்தக் குரலுக்கு ஒன்று என்று போட்டிருந்தார். ஏழுக்கு ஒன்று. ஏன் என்று கேட்டேன்.

“யாரும் கத்துவதில்லை,” என்றார்.

“பயத்தில்கூடவா?”

“பயம் வந்தால்தான் கத்த மாட்டார்கள். ஒருமுறை எங்கள் கப்பலில் உண்மையாகவே நடந்தது. வால்வு ஒன்று பிய்த்துக்கொண்டது. ஒலிபெருக்கியில் ஒரு பையன் பேசினான். தேநீருக்குப் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி இருந்தது. எந்த இடம், என்ன உடைந்தது, எவ்வளவு தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினோம். கத்தியிருந்தால் விளையாடுகிறான் என்று நினைத்திருப்போம்.”

இதை விரிவாக எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவரை இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். சாப்பாட்டை உள்ளேயே வரவழைத்தார்கள்.

அந்தக் கட்டடத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் சிறிய இரும்புப் பெட்டிகள் இருக்கும். காலையில் வைத்துப் பூட்டினால் வெளியே வரும்போதுதான் எடுக்க முடியும். நான் வெளியே வந்தபோது பிற்பகல் இரண்டே கால். ஊரில் காலை ஒன்பதே கால். வசந்தியிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள், நான்கு குரல் பதிவுகள். செல்வத்திடமிருந்து ஒரு அழைப்பு. வெளியே வெயில். வாகனத்தில் ஏறி உட்கார்ந்து முதலாவதைத் தட்டினேன்.

“அண்ணே, வேலையில இருப்பீங்க. ஒண்ணுமில்ல. நேத்துலருந்து விடாம மழ. பீலிக் குழாயில தண்ணி செவப்பா வருது. பெரட்டு இல்லன்னு சொல்லிட்டாங்க. பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கேன். நேரம் கெடச்சா எடுங்க.”

இரண்டாவது கால் மணி நேரம் கழித்து.

“அண்ணே, லயத்துக்குப் பின்னால நெலம் வெடிச்சிருக்கு. கால் நொழையிற அளவு இருக்கும். இவரு லொறியில போயிட்டு விடியிறப்பதான் வந்து படுத்தாரு, எந்திரிக்க மாட்டேங்கிறாரு. மூணு வாட்டி ஸ்கூல்ல போயி படுத்துட்டு வந்தோம், ஒண்ணும் நடக்கலயேன்னு சொல்றாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு. போன் எடுங்கண்ணே.”

மூன்றாவது: “இவர எழுப்பிட்டேன். பிள்ளைகள கோயிலுக்கு அனுப்பியாச்சு. பக்கத்துக் காம்பராவுல சொல்லிட்டேன், அவங்களும் கெளம்புறாங்க. மழ கொறஞ்ச மாதிரி இருக்கு.”

நான்காவது பதினொரு வினாடி நீளம்.

“மேல வந்துட்டோம் அண்ணே. கடதாசிப் பையி உள்ளேயே இருக்கு. ஒங்க பத்திரம் அதுலதான. ஓடிப்போயி எடுத்துட்டு வந்துர்றேன். வச்சிர்றேன்.”

நான்கிலும் ஒரே குரல். கடைக்குப் போய் சீனி வாங்கி வருகிறேன் என்று சொல்கிற குரல். பின்னால் மழைச் சத்தம்.

பிறகு செல்வத்துக்குப் போன் செய்தேன். எடுத்தது வேறொருவர். “லயம் போயிருச்சுங்க,” என்றார்.

5

மூன்றாம் நாள்தான் என்னால் போய்ச் சேர முடிந்தது. பாதை இரண்டு இடங்களில் உடைந்திருந்ததால் கடைசித் தூரத்தை நடந்தேன். அவளை முந்தைய நாளே எடுத்துவிட்டார்கள். எங்கள் லயத்தின் பன்னிரண்டு காம்பராவில் நான்கு மட்டும் கூரையோடு நின்றன. மற்ற இடம் உழுது போட்ட வயலைப் போல இருந்தது. அந்தச் செம்மண்ணில் யாரோ ஒருவருடைய நீல நாற்காலி மட்டும் நேராக உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊவா மாகாணத்தில் மழை பெய்தால், மண்ணில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத்தைப் பற்றிப் பேசாமல் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த மண்சரிவுக்குப் பிறகு எங்கள் தோட்டத்திலும் பலத்த மழை பெய்தால் பாடசாலைக்குப் போய்த் தங்கும்படி சொல்வார்கள். போவார்கள். சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். காலையில் வெயில் அடிக்கும், திரும்பி வருவார்கள். மூன்று முறை அப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் போகும் ஆட்கள் குறைந்தார்கள். ஒத்திகையில் மழையும் சேறும் உண்மையாகத்தான் இருந்தன. மலை மட்டும் ஒவ்வொரு தடவையும் அசையாமல் நின்றது. அதைத்தான் அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

பாடசாலை மண்டபத்தில் செல்வம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். பிறகு என் காதோடு சொன்னார்:

“நான்தான் மச்சான் கொன்னுட்டேன்.”

“என்ன சொல்றீங்க?”

“கோயில்கிட்ட வந்து நின்னதும் சட்டப்பையைத் தடவிப் பாத்தேன். லைசன்ஸு இல்ல. ‘ஐயையோ, லைசன்ஸு வீட்டுல’ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். சொன்னது அவ்வளவுதான். அவள போகச் சொல்லல. கெழவி ஒருத்திய தூக்கிவிடுறதுக்காக அந்தப் பக்கம் போனேன். திரும்பிப் பாக்குறேன், ஆளக் காணோம்.”

“கையில பையி இருந்துச்சு,” என்று தொடர்ந்தார். “எடுத்தப்ப அவ கையிலதான் இருந்துச்சு. தெறந்து பாத்தா லைசன்ஸு மேலயே இருக்கு.”

நான் அவரைத் தடவிக்கொடுத்தேன். நீங்கள் காரணம் இல்லை என்று சொன்னேன். எல்லோரும் அவருக்கு அதைத்தான் சொன்னார்கள். எனக்கு மட்டும் அது உண்மை என்று தெரியும். என் சட்டைப்பையில் இருந்த கைபேசியில் அதற்குச் சாட்சி இருந்தது. பதினொரு வினாடி. அவர் முன்னால் எடுத்து வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், எட்டாம் நாள் காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். எட்டு முடிந்ததும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். காரணம் ஒவ்வொரு நாளும் தானாக வந்து நின்றது.

நான் கிளம்பும் நாளில் செல்வம் அந்தப் பையைத் திறந்து ஒரு பொலித்தீன் சுருளை எடுத்தார்.

“இது ஒங்களோடது மச்சான். பொறப்புப் பத்திரம். நனையவே இல்ல பாருங்க, மூணு சுத்து சுத்தியிருக்கா.”

வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்து உரிய அலுவலகத்தில் கொடுத்தேன். அனுமதி புதுப்பிக்கப்பட்டது. பத்திரத்தின் ஒரு ஓரத்தில், சுருளைப் பிரித்தபோது ஒட்டிய செம்மண் விரல் தடம் இருந்தது. இது என்ன கறை என்று கருமபீடத்தில் கேட்டார்கள். மண் என்று சொன்னேன். படிவத்தில் ‘சிறு சேதம், வாசிக்கலாம்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

6

அறிக்கை முடிக்காமல் கிடந்தது. குரல் பகுதிக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று மேலாளர் கேட்டார். மற்ற நால்வர் ஆறும் ஐந்தும் போட்டிருக்க, பீட்டர் ஒன்று போட்டிருந்தார். சராசரி எடுத்தால் தேறிவிடும்.

“குரலை மாற்ற வேண்டும்,” என்றேன். “உண்மையான ஆபத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.”

“அது ஒருவருடைய கருத்து. வேறு ஆதாரம் இருக்கிறதா?”

என் கைபேசி வாசலில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. இல்லை என்று சொன்னேன். இன்னும் சிலரை அழைத்துக் கேட்க நேரம் தாருங்கள் என்றேன். தந்தார்கள். கடலில் உண்மையாகவே விபத்தைப் பார்த்த இரண்டு பேர் அகப்பட்டார்கள். இருவரும் பீட்டர் சொன்னதையே வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். ஆறு போட்டவர்கள் யாரும் விபத்தைப் பார்த்தவர்கள் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் திரைப்படத்தில் கேட்டதோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டிருந்தார்கள். நானும்தான்.

புதிய குரலைப் பதிவு செய்தார்கள். அடங்கிய, சலிப்பான குரல். பயிற்சி மாலுமிகளை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது. யாரும் திரும்பவில்லை. ஒரு பெண் மட்டும் சில வினாடி கழித்து, “இப்போது என்ன சொன்னார்கள்?” என்று கேட்டாள். அதற்குள் கணினியில் கப்பல் பல மீட்டர் இறங்கியிருந்தது.

பீட்டர் என் தோளைத் தட்டினார். “இப்போது ஏழு,” என்றார்.

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு வருஷமாக என்னை அரிக்கும் கேள்வி இதுதான். அன்று கைபேசி கையிலேயே இருந்திருந்தால்? முதல் அழைப்பையே எடுத்திருந்தால்? பீலியில் தண்ணீர் சிவப்பாக வருகிறது, ஒன்றுமில்லை என்று அவள் சொல்லியிருப்பாள். நானும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டிருப்பேன். பார்த்து இருங்க, வேலையில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று வைத்திருப்பேன். என் தொழில் எனக்குக் கற்றுத்தந்ததெல்லாம் அன்று மத்தியானம்தான் கற்றுத்தந்தது.

வீட்டில் இதை யாரிடமும் பேச முடியவில்லை. மனைவிக்குச் சொன்னால் செல்வத்துக்குப் போய்விடும்; அவள் அவருடைய தங்கையோடு தினமும் பேசுகிறவள். ஒருநாள் மகள் மீனா என் அறைக்குள் வந்தபோது இரண்டாவது பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் காதில் ஏறும், பாதி விளங்கும், வாயில் வராது.

“அத்தையா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

நின்று கேட்டாள். “நல்லா இருந்தப்போ பேசினதா? ஏதோ வீட்டு விஷயம் சொல்றாங்க, இல்லையா?” இதை ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. ‘நெலம் வெடிச்சிருக்கு’ என்ற வார்த்தைகள் அவளைத் தாண்டிப் போயின. என் பிள்ளைக்கு அத்தையின் மொழி அடுத்த அறையில் ஓடும் வானொலி. கோபம் வரவில்லை. வசந்தியின் பிள்ளைகளோடு அவளை வாரம் ஒருமுறையாவது பேச வைத்திருக்கலாம். நான் செய்யவில்லை.

7

அர்ச்சனை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று பகலிலேயே நான்கு பதிவுகளையும் செல்வத்துக்கு அனுப்பினேன். எதையும் வெட்டவில்லை. முன்னால் ஒரு வரி எழுதினேன்: ‘அன்னைக்குக் காலைல அவ எனக்கு அனுப்பினது. கடைசிப் பதிவக் கேளுங்க. லைசன்ஸுக்காகப் போகல.’

கேட்டுவிட்டார் என்பதற்கான நீலக் குறி ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசிக்கும் விழுந்தது. பிறகு போன் வந்தது. லொறியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம்.

“லைசன்ஸப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே மச்சான்.”

“சொல்லல.”

“நான் சொன்னது அவ காதுலயே விழல போல.”

“விழுந்திருக்காது. என் கடதாசிக்காகத்தான் போயிருக்கா. அது இல்லாட்டி வேலை போயிரும்னு நான்தான் சொல்லியிருந்தேன்.”

“போயிருக்குமா?”

“இல்ல.”

இயந்திரத்தை நிறுத்தினார்.

“ஒரு வருஷம்,” என்றார். “எட்டுக்கு எம்பக்கத்துல உக்காந்து சோறு தின்னீங்க. பையத் தெறந்து பத்திரத்த நான் என் கையால ஒங்ககிட்ட குடுத்தேன். அப்பக்கூட ஒரு வார்த்த வரலியா ஒங்களுக்கு?”

“செல்வம்...”

“தெனமும் லைசன்ஸ எடுத்து வண்டியில வைக்கிறப்ப என்னா பாடு பட்டேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அழைத்தால் எடுப்பதில்லை. மாதம் மாதம் அவரோடு பேசும் என் மனைவியிடமும் என்னைப் பற்றிக் கேட்பதில்லையாம். அவரிடம் மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒன்று எழுதினேன். பிறகு அதை அனுப்பாமல் அழித்தேன். அவர் மன்னித்துவிட்டால் எனக்குத்தான் லேசாகும்.

மூன்று வாரம் கழித்து வேறொரு எண்ணிலிருந்து செய்தி வந்தது. திவ்யா. வசந்தியின் மூத்த மகள், பதினைந்து வயது. இப்போது புதிதாகக் கட்டிக் கொடுத்த வீட்டில் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு, பதுளைக்குப் பாடசாலை போய் வருகிறாள். படத்தில் பார்த்தால் நெற்றியும் மூக்கும் அப்படியே அவள் அம்மா.

‘மாமா, இது என் புது நம்பர். அம்மா பேசினத அப்பா எங்களுக்குப் போட்டுக் காட்டல. தனியா லொறியில இருந்து கேக்குறாரு. நான் கேட்டா அழுகிறாரு. எனக்கு அனுப்புங்க. நான் தங்கச்சிக்குப் போட்டுக் காட்டணும்.’

அனுப்பலாமா என்று யாரைக் கேட்பது? செல்வத்தைக் கேட்க வழியில்லை. மனைவியைக் கேட்டேன். “அவங்க அம்மா கொரலு அது. நம்ம யாரு தடுக்க?” என்றாள்.

அனுப்பினேன். நீலக் குறிகள் விழுந்தன. அதன் பிறகும் அவள் மறுபடியும் மறுபடியும் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். மறுநாள் மத்தியானம், நான் வெளியே சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து கைபேசியைப் பெட்டிக்குள் வைக்கப்போகும்போது அவளுடைய குரல் பதிவு வந்தது. பள்ளி பஸ்ஸில் இருந்தாள் போலிருக்கிறது, பின்னால் பிள்ளைகளின் கூச்சல். பதினைந்து வயதுக்கு மிகவும் அமைதியான குரல்.

“மாமா, கேட்டோம். தங்கச்சி சிரிச்சா, ரொட்டி சுடுறேன்னு அம்மா சொன்னத கேட்டு. எனக்கும் இப்பதான் கொஞ்சம் நிம்மதியா இருக்கு. அம்மா ரொம்ப பயந்திருப்பாங்கன்னு நெனச்சுத்தான் எனக்குத் தூக்கமே வராது. ஆனா கொரலக் கேட்டா சாதாரணமாத்தான பேசியிருக்காங்க? அம்மா பயப்படவே இல்லல்ல மாமா?”

எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பெட்டியின் கதவைப் பிடித்தபடி அவளுக்குப் பதில் பேசினேன். என் குரலைக் கவனமாக வைத்துக்கொண்டேன்.

“ஆமாம்மா. பயப்படவே இல்ல.”